தைரியமே தானியம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சர்க்கார் ஒரு புத்தகம் அனுப்பி வைத்தது. நாங்கள் கேட்டிருந்தது விதைக் கேழ்வரகு. யுத்தத்தின்போது சர்க்கார் கொள்முதல் என்று வந்தவர்கள் விதைக்கு வைத்திருந்ததையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இப்போது ஆடி மழை பெய்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் அந்த வருஷம் அடுப்பு எரியாது. இந்தச் சிறு விஷயத்தைத்தான் மனுவில் தெரிவித்திருந்தோம்.

மேலிடத்தார் மனுவைத் தீர்க்கமாகப் பரிசீலித்து, குடிகளின் உண்மையான குறை மனச்சோர்வே என்று கண்டுபிடித்தார்கள். அப்போது சேலத்து ஆபீசுகளில் ஊக்கமூட்டும் புத்தகம் படிப்பது மோஸ்தராக இருந்தது. கக்கத்தில் புத்தகம் இல்லாத அதிகாரியைப் பியூன்கூட மதிப்பதில்லை என்று கேள்வி. எங்களுக்கு வாய்த்த புத்தகத்தின் பெயர் 'தைரியமே தானியம்'.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ராஜாமணி மாரியம்மன் கோயில் முன்னால் நாற்காலி போட்டு அதை வாசித்தார். நல்ல குரல். 'இல்லை என்பதே இல்லை' என்ற அத்தியாயத்தில் பலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பிறகு விதிமுறையை விளக்கினார். விதை வண்டி தர்மபுரியில் தயாராக நிற்கிறது. ஆனால் மனம் தளர்ந்த ஊருக்குத்தான் அதைத் தரலாம் என்பது ஓர் உத்தரவு. புத்தகம் கேட்ட பிறகும் தளர்ந்திருப்பது சர்க்காரை அவமதிப்பது என்பது இன்னோர் உத்தரவு. ஆகவே தெம்பு வந்ததா இல்லையா என்று ஊரார் ஒருமனதாகச் சொல்ல வேண்டும்.

குள்ளம்மாள் எழுந்தாள். புருஷனை இழந்தவள். கொஞ்சம் மேட்டுக்காடும் மூன்று பிள்ளைகளும்தான் அவளுக்கு இருந்தவை.

"எனக்குத் தெம்பு இருக்குதுங்க. கேவுருதான் இல்லீங்க."

"தெம்பு இருக்கும்போது கேவுரு எதற்கு?"

"அப்படீன்னா தெம்பு இல்லீங்க."

"இவ்வளவு நேரம் வாசித்த பிறகுமா?" என்றார் ராஜாமணி. அவர் முகம் உண்மையாகவே வாடிப்போயிற்று.

ஊர்க்கவுண்டர் பச்சியப்பன் வழி கண்டார். கல்யாணமோ கிணறு வெட்டோ, எங்கள் ஊரில் அம்மன் தலையில் பூ வைத்துக் கேட்டுவிட்டுத்தான் செய்வோம். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் கூடாது. விவகாரம் புத்தகத்தைப் பற்றியது என்பதால் பூவைப் புத்தகத்தின் மேலேயே வைப்பதுதான் முறை என்று முடிவாயிற்று. மஞ்சள் குங்குமம் இட்டு, ஒரு செங்கல்மேல் நிமிர்த்தி வைத்தோம். தெம்பு வந்துவிட்டதா என்று கேட்டுப் பூவை வைத்தோம். பூ வலப்பக்கம் விழுந்தது. செங்கல்லே வலப்பக்கம் சரிந்திருக்கிறது என்று குள்ளம்மாள் காட்டினாள். அம்மன் காரியத்தில் செங்கல் பேச்சு எதற்கு என்று அவளை அடக்கினோம்.

"பூவே சொல்லிப்போட்டுது. நீ ஒருத்தி மறிச்சு நின்னா ஊருக்குத்தான் கெட்ட பேரு," என்றார் பச்சியப்பன்.

அவள் எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். நாங்கள் புத்தகத்தைப் பார்த்தோம்.

"தெம்பு வந்திருச்சுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு மனசு என்னமோ போலிருந்தது. ராஜாமணி உடனே இரண்டாம் அத்தியாயத்தை எடுத்ததும் சரியாகிவிட்டது.

விதை வண்டி பக்கத்து ஊரான இண்டூருக்குப் போயிற்று. அங்கே அனுப்பப் புத்தகம் மிச்சமில்லையாம், பாவம். எங்களை முன்மாதிரி கிராமம் என்று தாசில்தாரே வந்து பாராட்டிப் பச்சியப்பனுக்கு மாலை போட்டார்.

கார்த்திகையில் இண்டூர்க் காடெல்லாம் கதிர். எங்கள் காட்டில் நெருஞ்சி. அதைப் பார்க்கப் பார்க்க மனம் சோர்ந்துபோகும். அப்படிப்பட்ட நாட்களில் கோயில் முன்னால் கூடிப் புத்தகத்தைப் படித்தோம். உள்ளபடி சொன்னால் ஆறுதலாகத்தான் இருந்தது. குள்ளம்மாள் மட்டும் வருவதில்லை. அவள் இண்டூருக்கு அறுப்புக்குப் போய்க் கூலியாகக் கேழ்வரகு வாங்கி வந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் தலைச்சுமையோடு எங்களைக் கடந்து போனவள் சற்று நின்றாள்.

"இன்னும் சத்தமாப் படிங்க. வயித்துக்கும் கேக்கட்டும்," என்றாள்.

நல்ல யோசனையாகப் பட்டது. சத்தமாகவே படித்தோம்.