அருகம்புல்லும் சீலா மீனும்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்கிழமை, கோயிலில் நெற்றியில் இட்ட சாம்பல் காய்வதற்குள் வீட்டுக்கு வந்து, என் மனைவி பிலோமி முன்னால் நின்று அறிவித்தேன்.

"ஏளா, கேட்டுக்க. இனிமே டாக்டர் பேச்சையே எடுக்காத. நாப்பத்தெட்டு நாள் இயற்கை மருந்துதான் குடிக்கப் போறேன்."

பதினோரு வருடமாக எனக்குச் சொரியாசிஸ். முழங்கையிலும் முதுகிலும் செதில் செதிலாக உதிரும். தொட்டால் ஒட்டாத வியாதிதான். ஆனாலும் துறைமுகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்காருவார்கள். அதனால் தூத்துக்குடி வெயிலிலும் எனக்கு முழுக்கைச் சட்டைதான். மே மாதம் என் மகள் ஆனிக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளையைக் கைப்பிடித்துப் பீடம்வரை அழைத்துப் போக வேண்டியவன் நான். அந்தக் கவுனில் என் செதில் உதிருமே என்பதுதான் என் பயம்.

மில்லர்புரத்துத் தோல் டாக்டரிடம் ஒருமுறை போனேன். எங்கள் தெருவில் பாதி அங்கே காத்திருந்தது. "சும்மா, வழி கேக்க வந்தேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

மருந்து சொன்னவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சங்கரபாண்டியன். கொற்கைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அருகம்புல்லும் வேப்பங்கொழுந்தும் அரைத்து, வெறும் வயிற்றில் ஒரு தம்ளர். புல்லையும் அவரே ஒரு சாக்கு நிறையக் கொடுத்துவிட்டார்.

பிலோமி சண்டை போடவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"குடிங்க. நானே அரைச்சுத் தாரேன். ஆனா நாட்டு மருந்துன்னா பத்தியம் உண்டுல்லா?"

"என்ன பத்தியம்?"

"மீன் ஆகாது. கருவாடு ஆகாது. நண்டு, எறா, கணவா ஒண்ணும் தொடப்படாது."

"சங்கரபாண்டியன் அப்படிச் சொல்லலியே."

"அவரு வயக்காட்டு ஆளு. மீன் இல்லாட்டியும் அவருக்குச் சோறு இறங்கும். அவருக்கு எதுக்கு அது ஞாபகம் வரப்போவுது?"

என் முன்னோர் முத்துக் குளித்தவர்கள். தவக்காலத்தில் நாங்கள் கறியை விடுவோம். அந்தக் குறையை மீனை வைத்துத் தீர்த்துக்கொள்வோம். இப்போது இரண்டும் இல்லை. ஆண்டவரே நாற்பது நாளில் முடித்துக்கொண்டார். எனக்கு நாற்பத்தெட்டு.

முதல் தம்ளர் உள்ளே போனதும் என் நாக்கு எங்கோ போய்ப் பதுங்கிக்கொண்டது. மதியம் எனக்குப் புடலங்காய்க் கூட்டு. பிலோமிக்கும் ஆனிக்கும் சீலா மீன் குழம்பு.

"அப்பாக்கு ஒரு துண்டு?" என்றாள் ஆனி.

"அப்பா மருந்து குடிக்காரு மக்கா. ஆசை காட்டப்படாது. அந்தத் தலைய நீ எடுத்துக்க."

அடுத்த வாரம் விளமீன் பொரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு வாசனையாகச் சமைத்து நான் பார்த்ததில்லை.

செதில் குறையவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இறங்கி வந்திருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலையில் ஆனி என்னிடம் கையை நீட்டினாள். "அப்பா, பீடத்துக்குப் போறத வீட்லயே நடந்து பழகணும்னு கோயில் சிஸ்டர் சொன்னாங்க." நான் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். பிள்ளை தனியாகவே நடந்து பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையலறையில் வேறு நண்டு கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த நிமிடமே ஒரு திட்டம் போட்டேன். ரகசியமாக டாக்டரைப் பார்ப்பது. மீன் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்வது. மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்குவது. குணமானதும் பெருமையை அருகம்புல்லுக்குக் கொடுத்துவிடுவது. நான் வாக்குத் தவறியது பிலோமிக்குத் தெரியவே கூடாது.

"கப்பல் வந்திருக்கு. அவசர வேலை" என்றேன்.

"போயிட்டு வாங்க" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மில்லர்புரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தேன். அப்போதுதான் திறந்திருந்தார்கள்; ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் பெயர் கேட்டாள்.

"இனிகோ" என்றேன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே.

அவள் நோட்டைப் புரட்டினாள். முகம் மலர்ந்தது.

"வாங்க அண்ணாச்சி. நீங்க கூச்சப்படுவியன்னு, எப்ப வந்தாலும் காத்திருக்க வைக்காம உடனே உள்ள அனுப்பச் சொல்லி பிலோமி அக்கா பேரு எழுதி வச்சிட்டுப் போனாங்க. ஆனா மீன் இல்லாம இருபது நாள் தாங்குவியன்னுல்லா சொன்னாங்க. பத்தொம்பதுலயே வந்துட்டிய?"