எட்டு மணிக்குள் ஒரு சவரம்

மூன்றாவது முறையாக நுரையை வழித்துக் கழுவிவிட்டுக் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தான். நான்கு நாள் தாடி அப்படியே இருந்தது.

எட்டு மணிக்கு அவன் ஓட்டல் வரவேற்பு மேசையில் நிற்க வேண்டும். "நாளைக்கும் முள்ளுமுள்ளா வந்து நின்னா லாண்டரிக்குப் போயிடு. அழுக்குத் துணி உன் மூஞ்சியைப் பாத்து பயப்படாது" என்று மேலாளர் நேற்று அன்போடு சொல்லியிருந்தார்.

வேறு யாராவது என்றால் சலூனுக்கு ஓடியிருப்பான். இவன் சவரக் கலையின் ரசிகன். தாடியை வளர்த்ததே புதுச் செட்டுக்காகத்தான். மரப்பிடி பிரஷ், வட்டச் சோப்பு, அதற்கொரு கிண்ணம், கையில் கனக்கும் ரேசர். நேற்று மாலையே எல்லாவற்றையும் துடைத்து, பிளேடும் மாட்டித் தயாராக வைத்திருந்தான்.

"அழுத்தவே கூடாது. நல்ல ரேசர் முகத்துல போறதே தெரியாது" என்று வீடியோவில் கேட்டதை மனைவிக்கு நான்கு முறை விளக்கியிருந்தான். இன்று நிஜமாகவே தெரியவில்லை. ஒரு கீறல் இல்லை. முதல் நாளே கை வந்துவிட்டதில் அவனுக்குப் பெருமை. தாடிதான் ஒத்துழைக்கவில்லை.

"ஒரு மணி நேரமா உள்ள என்னங்க பண்றீங்க? அப்பா வெளிய நிக்கிறாரு" என்றாள் மனைவி.

"தண்ணி சரியில்ல. வெந்நீர் கொண்டா."

வெந்நீர் வந்தது. துண்டை நனைத்து முகத்தில் போர்த்தினான். தாடி இளகியதோ இல்லையோ, தோல் வெந்தது. நுரை போதவில்லையோ என்று பிரஷைச் சுழற்றினான். காதுக்குள் போனது. கீழிருந்து மேலாக இழுத்தான். எரிந்தது. எரிச்சலுக்குப் படிகாரம் தேய்த்தான். அலறினான்.

கதவு தட்டப்பட்டது. "மாப்ளே, உயிரோட இருக்கீங்களா?"

"அஞ்சே நிமிஷம் மாமா. இது கலை. அவசரப்பட்டா வராது."

"எனக்கு வருது மாப்ளே."

ஏழே முக்காலுக்குக் கதவு திறந்தது. மாமனார் உள்ளே பாய்ந்தார். மனைவி அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"தாடி அப்படியே இருக்கு. மீதி முகம்தான் போயிடுச்சு."

"என் முடி சாதாரண முடி இல்ல. கம்பி" என்றான். சலூனுக்கு இனி நேரமில்லை.

ஓட்டலில் மேலாளர் நெருங்கி வந்து பார்த்தார்.

"என்னய்யா இது?"

"ஷேவ் பண்ணேன் சார்."

"யாருக்கு?"

மாலை வரை லாண்டரியில் படுக்கை விரிப்பு மடித்தான். நாளையும் அதுதான் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் செட்டைப் பெட்டியோடு தூக்கிவந்து மாமனார் முன் வைத்தான்.

"ஏமாத்திட்டாங்க மாமா. சுத்த டூப்பு. இப்பவே திருப்பி அனுப்பப் போறேன்."

மாமனார் குறுக்கெழுத்துக் கட்டங்களிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"அனுப்புறதா இருந்தா இந்த பிளேடையும் சேர்த்து வச்சுடுங்க மாப்ளே, பென்சில் சீவ நேத்து ராத்திரி அதுலேருந்து கழட்டினது, நல்லாத்தான் சீவுது."