மூன்று வருஷப் படிப்பு

“இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பியாச்சுங்க. எந்தப் படிப்புங்கிற கட்டத்தை மட்டும் காலியா விட்டுட்டேன்” என்றாள் மனைவி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில். “வெள்ளிக்கிழமைக்குள்ள நேர்ல போய்ச் சொல்லணுமாம். எனக்கு வாரம் முழுக்க வார்டு வேலை. நீங்களே பார்த்து முடிவு பண்ணிடுங்க.”

இருபத்தாறு வருஷ இல்லறத்தில் அவள் ஒரு முடிவை அவரிடம் விட்டது இதுவே முதல் தடவை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சபையில் யாருக்குத் துக்கம் என்றாலும் முதல் ஆளாக நிற்கிறவள். இந்த வயதில் ஊழியத்துக்குப் படிக்கத் துணிந்திருக்கிறாள். ஏனோதானோவென்று எதையாவது எழுதிக்கொடுக்க அவர் தயாராயில்லை.

திங்களன்று கல்லூரி அலுவலகத்துக்குப் போய் முகவரியைச் சொன்னார். எழுத்தர் அம்மா கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று வழி இருக்கிறது என்றார். கிரேக்கம் முதலான வேதாகம மொழிகள் இரண்டு வருஷம், மனம் நொந்தவர்களைத் தேற்றும் ஆற்றுப்படுத்தல் ஒரு வருஷம், ஆயர் படிப்பு மூன்று வருஷம். குழப்பமாக இருந்தால் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமாம்.

அன்றே கிரேக்க வகுப்பில் உட்கார்ந்தார். பொடி எழுத்தைப் படித்துப் பழகிய கண். வாத்தியார் காட்டியதையெல்லாம் கடகடவென்று வாசித்தார். பொருள்தான் தெரியவில்லை. வாத்தியார் மகிழ்ந்துபோய் வீட்டுப்பாடம் கொடுத்தார். மனைவிக்குக் கஷ்டமா என்று தெரிய வேண்டுமே என்று அதையும் செய்தார்.

மறுநாள் கடையில் ஒரு வாடிக்கையாளர் கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்து ‘பி’ என்றதும், “பீட்டா” என்று திருத்தினார். அடுத்து அவர் ‘ஏ’ என்றதற்கு, “ஆல்ஃபா” என்றார். அந்த மனிதர் தன் கண் அவ்வளவு கெட்டுவிட்டதா என்று பயந்து பெரிய டாக்டரைத் தேடி ஓடினார். வியாபாரம் கெடுகிறதே, மொழிப் படிப்பு வேண்டாம் என்று கோடு கிழித்தார்.

புதனன்று ஆற்றுப்படுத்தல் வகுப்பு. ஒரு மாணவி கணவனை இழந்தவளாக நடித்தாள். அவர் ஆறுதல் சொல்ல வேண்டும். அவள் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அவர் தேம்பத் தொடங்கினார். கடைசியில் அந்த விதவையே அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இதைக் கேட்ட மனைவி சிரிக்கவில்லை. “அழுதா என்ன? ஒரு வருஷம் போதுமா, அதைச் சொல்லுங்க” என்றாள்.

அது அவரைக் குடைந்தது. வியாழனன்று ஆயர் படிப்பின் பிரசங்க வகுப்புக்குப் போனார். புதியவர் ஐந்து நிமிடம் பேசட்டும் என்றார்கள். மறுத்தால் மனைவியின் மானம் போகுமே என்று எழுந்தார். மங்கலாகத் தெரிகிறவனுக்கு உலகம் முழுக்க மங்கல் என்றுதான் தோன்றும், ஒருத்தர் கண்ணாடியை நீட்டும்வரை என்று ஆரம்பித்தவர், மணி அடித்த பிறகுதான் நிறுத்தினார். யாரும் எழுந்து போகவில்லை. கடையைத் திறக்கவே மறந்துபோனது வீட்டுக்கு வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

“ஆயர் படிப்புதான். மூணு வருஷம்” என்றார் மனைவியிடம்.

“வயசு ஐம்பத்திரண்டு” என்று இழுத்தாள் அவள்.

தன் வயதுதானே அவளுக்கும் என்று அவருக்கு ரோஷம் வந்தது. “ஐம்பத்திரண்டுன்னா என்ன? கூப்பிட்டவருக்கு வயசு தெரியாதா?”

“கடை?”

கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது தன் பொறுப்பு என்று கணக்குப் போட்டார். “காலையில வகுப்பு, சாயங்காலம் கடை. எல்லாம் சமாளிக்கலாம்.”

“பாதியில விட்டுட்டு ஓடி வரக் கூடாது.”

“ஒரு அடி பின்வாங்குறதில்லை. இது என் வாக்கு.”

அவள் தலையாட்டிவிட்டு விளக்கை அணைக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகம் திறக்குமுன்பே வாசலில் நின்றார். எழுத்தர் அம்மா காலிக் கட்டத்தில் ‘ஆயர் படிப்பு’ என்று எழுதி, ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். ஒரு பெரிய பாரம் இறங்கியது அவருக்கு. திங்கட்கிழமை வகுப்புக்கு வீட்டுக்காரம்மா எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

எழுத்தர் அம்மா கோப்பை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார்.

“அவங்க எதுக்கு சார் வரணும்? விண்ணப்பம் உங்க பேர்லதானே வந்திருக்கு?”