எமில் ஹோர்வத்தை விற்பது குறித்த உயர்மட்டக் கூட்டம்

உருக்காலையை மூடியபோது எங்கள் ஓஹாயோ ஊரில் எந்த உயர்மட்டக் குழுவும் கூடவில்லை. ஆனால் எங்கள் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான கொல்லர் அணியில், பந்தை எறிந்து கொடுக்கும் குவார்ட்டர்பேக்குக்கு மாற்றாக இருந்த எமில் ஹோர்வத், ஒத்திகை ஆட்டத்தில் நான்கு முறை பந்தை எறிந்து, மூன்று முறை எதிரணியின் கையிலேயே சேர்த்ததும் மேலாளர் பிரூயிட் தலைமையில் அவசரமாகக் கூடிவிட்டது. பொருள்: பையனை வேறு அணிக்குத் தள்ளிவிடுவதா, வைத்துக்கொள்வதா.

எமிலையும் அழைத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு நிஜ ஆட்டம் குடுங்க கோச். அதுலயும் சொதப்பினா நானே போயிடறேன்."

பயிற்சியாளர் மல்லாய் உதட்டைப் பிதுக்கினார். "அனுபவம் இல்லாதவனை எப்படிப்பா இறக்குறது?"

"இறக்காம அனுபவம் எப்படி கோச் வரும்?"

"பாத்தீங்களா, எதிர்த்துப் பேசுறான்!" என்றார் பிரூயிட். "தம்பி, நீ ஆடாத வரைக்கும்தான் உனக்கு விலை. ஆடினா சாயம் வெளுத்துடும். உன் நலன் கருதித்தான் உக்கார வச்சிருக்கோம்."

செய்தி கசிந்தது. நாங்கள் சும்மா இருப்போமா? எங்கள் ஊர் நியாயம் எளிது: ஆடுகிறவன் தண்டம், பெஞ்சில் இருக்கிறவன் மேதை. தொழிற்சங்கக் கூடத்தில் தீர்மானம் போட்டு, 'எமிலை விற்காதே!' என்று மைதான வாசலை மறித்தோம். ஆலைக்காகத் திரண்டதைவிடப் பெருங்கூட்டம்.

மாலையில் பிரூயிட் வெளியே வந்தார்.

"வித்தாச்சு."

"எதுக்குய்யா வித்தே?" என்று கத்தினாள் வெல்டர் டோலோரஸ்.

"அடுத்த வருஷம் அணிகளெல்லாம் புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கறப்ப, கடைசியான ஏழாவது சுற்றுல, ஒரு புது ஆளை எடுக்கிற உரிமைக்கு."

"யாரு அந்தப் புது ஆளு?"

"இன்னும் தெரியாதும்மா. ஆனா ஒண்ணு. இதுவரைக்கும் நமக்காக அவன் ஒரு பந்தைக்கூடத் தப்பா எறிஞ்சதில்ல."

கூட்டம் யோசித்தது. முப்பது வருடம் முதலாளிகளோடு வாதாடிய எங்களுக்கே கணக்கு சரியாகத்தான் பட்டது. டோலோரஸ்தான் முதலில் தெளிந்தாள்.

"அப்ப அவனையே இறக்கு! எதுக்கு இன்னும் உக்கார வச்சிருக்கே?"

பெயர் தெரியாததால் 'அவன் வாழ்க!' என்று முழங்கினோம். பிரூயிட்டின் பின்னாலிருந்து யாரோ ஒருவன் வழிவிடச் சொன்னான். தோளில் பையோடு எமில்.

"ஓரமாப் போ தம்பி," என்றோம். "ஊர்வலம் கிளம்புது."