சில்வியாவின் கவனக் குறிப்புகள்

“நீ ஆரம்பிச்ச எதுனா ஒண்ண முட்ச்சிகீறியா?”

நெல்சன் ஒருநாள் இப்படிக் கேட்டபோது அவன் கையில் பாதி செதில் சீவிய சங்கரா மீன் இருந்தது. மீதியைச் சீவுவதற்குள் அவன் மனைவி சில்வியாவுக்கு ஒரு நல்ல வாக்கியம் தோன்றிவிட்டது. எழுதிவைக்க உள்ளே போனவள், நோட்டில் முந்தைய பக்கத்தைப் படித்து, அதில் பெய்த மழையைப் பார்த்து, மாடியில் காயும் துணி ஞாபகம் வந்து, மேலே போய், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. பத்தாம் வகுப்பை அவள் முடிக்கவில்லை. தையல் வகுப்பையும் முடிக்கவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பத்தொன்பது நோட்டுகளில் நாற்பத்தொரு கதைகள் ஆரம்பித்திருந்தன; ஒன்றுகூட முடியவில்லை. டாக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். நாலு எழுத்தையும் பொறுமையாகக் கேட்ட நெல்சன், “எங்கம்மா இதுக்கு ஒரே வார்த்த வெச்சிருந்தாங்க” என்றான்.

ராயபுரத்தில் சர்ச் பங்குத் திருவிழாவுக்கு மலர் போடும் ஹென்றி சார், அவள் கதைக்கென்று நாலு பக்கம் ஒதுக்கியிருந்தார். இது மூன்றாவது வருஷம். முந்தைய இரண்டு வருஷமும் அந்த நாலு பக்கத்தில் நகைக்கடை விளம்பரம்தான் வந்தது.

“இந்த வாட்டியும் இல்லன்னா, இனிமே உன்னக் கேக்கவே மாட்டேம்மா” என்றார் ஹென்றி சார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதனால்தான் அவள் ஆண்ட்ரூ சாரிடம் போனாள். காலடிப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ‘கவனம் சிதறும் எழுத்தாளர்களுக்கு முப்பது நாள் தன்னம்பிக்கைப் பயிற்சி’. சார் கோட்டு போட்டிருந்தார். அந்த வெயிலில் கோட்டு போடுகிறவருடைய தன்னம்பிக்கையை யார் சந்தேகிக்க முடியும்?

“இருபத்தஞ்சு நிமிஷம் அலாரம் வெச்சு எழுதுங்க சகோதரி. நடுவுல கவனம் எங்க போச்சுன்னு தனி நோட்டுல குறிச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை எங்கிட்ட குடுத்துடுங்க. ஒண்ணையும் விடாதீங்க.”

அலாரம் வைக்க ஃபோனை எடுத்தாள். கீழே வைத்தபோது, தேங்காய்ப் பாலில் நெத்திலி சமைக்கும் ஒரு பெண்ணைப் பற்றியும் அவளுடைய மாமியாரைப் பற்றியும் எல்லாம் தெரிந்திருந்தது. கதை ஒரு வரி. கவனக் குறிப்பு ஏழு பக்கம்.

சார் படித்தார். சிரித்தார். திரும்பவும் படித்தார். “ஃபோனை யார்கிட்டயாவது குடுத்துடுங்க. குறிப்பை மட்டும் இன்னும் விரிவா எழுதுங்க.”

ஃபோன் எதிர்வீட்டு ஷம்ஷாத் அக்காவிடம் போனது. மறுநாளே அக்கா சன்னலைத் திறந்தாள்.

“சில்வி! உன் நாத்தனா ஃபோன்ல கீது! ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வரலாமான்னு கேக்குது! இன்னா சொல்ட்டும்?”

“நான் ஊர்லயே இல்லன்னு சொல்லுக்கா!”

“நான் இன்னாத்த சொல்றது? லைன்லதான் கீது, அதுக்கே கேட்டுச்சாம்!”

நாத்தனாரைச் சமாதானப்படுத்த நாலு நாள் ஆயிற்று. குறிப்பு பதினாறு பக்கம்.

“பக்கத்துல ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தா வேலை தன்னால ஓடும்” என்றார் சார் அடுத்த வாரம். ஷம்ஷாத் அக்கா இறால் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். சரியாக நாலு நிமிஷம் பேசாமல் உரித்தாள்.

“நீ பாட்டுக்கு எய்தினேயிரு. நான் இன்னா உன் கையப் புட்ச்சா இய்க்கிறேன்? ஆமா, என் கொழுந்தன் ரெண்டாவது நிக்காஹ் மேட்டர் உனுக்குத் தெரியுமா?”

தெரியாது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெரிந்துவிட்டது. குறிப்பு இருபத்திரண்டு பக்கம்.

கடைசி மருந்து கண்ணாடி. அதன் முன்னால் நின்று ‘நான் எழுத்தாளர்’ என்று பத்து தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏழாவது தடவையில், ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த நெல்சன் எழுந்து பார்த்தான். ஒன்றும் கேட்காமல் போய் ஜெபக்குழுவைக் கூட்டிவந்தான். ஒன்பது பேர் இரண்டு மணி நேரம் அவளுக்காக மன்றாடினார்கள். டீ அவள்தான் போட்டாள்.

முப்பதாம் நாள் சன்னல் மறுபடி திறந்தது.

“சில்வி! ஹென்றி சாரு! கத இன்னா ஆச்சுன்னு கேட்டாரு. அவ ராவு பகலா எய்தினுதான் கீறா, கததான் ஒரு வரிக்கு மேல போவலன்னு சொல்ட்டேன்!”

நாலு பக்கமும் நகைக்கடைக்குப் போயின.

கடைசி நோட்டை எடுத்துக்கொண்டு சில்வியா காலடிப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். மாடியில் ஒரு பேனர் புதிதாகத் தொங்கியது. ஆண்ட்ரூ சாரின் முதல் புத்தகம், அடுத்த வாரம் வெளியீடு.

“எனக்கு எழுத வராது சார்” என்றாள். “ஒரு கதையக்கூட முடிக்க முடியல. இனிமே நோட்டே வாங்கமாட்டேன்.”

சார் பெருமூச்சு விட்டார். “எல்லாருக்கும் வந்துடுமா சகோதரி? ஒழுக்கம் வேணும். என்னையே எடுத்துக்குங்க, முப்பது நாள்ல ஒரு புத்தகம். சரி, அந்த நோட்டை மட்டும் வெச்சுட்டுப் போங்க.”

அப்போது கீழ்க்கடையில் டைப் அடிக்கும் மகிழினி ஒரு கட்டுத் தாளோடு படியேறி வந்தாள். சில்வியா கையில் திறந்திருந்த நோட்டின் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

“நீங்கதானாக்கா அது! அந்த நாத்தனார் ஃபோன் அத்தியாயத்தை அடிக்கறப்ப சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு! சார், கடைசி அத்தியாயமும் வந்துடுச்சு, இன்னிக்கே புக்கை முடிச்சுடறேன். நீங்க எழுதித் தர்றேன்னு சொன்ன ஒரு பக்க முன்னுரைதான் முப்பது நாளா பாக்கி.”

ஆண்ட்ரூ சார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.