ஜூனிபரின் தோளும் நீ அனுப்பிய சாட்டின் கவுனும்

கோல்டர் மலை, வெர்மான்ட்
மார்ச் 7, சனிக்கிழமை காலை

அன்பு மச்சினி தெல்மாவுக்கு அத்தான் எல்வின் எழுதுவது. இங்கே நானும் முழங்கால் வலியும் முற்றத்துப் பனியும் சௌக்கியம். ஃப்ளோரிடாவில் நீயும் உன் வீட்டுக்காரரும் வெயிலும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. உன் அக்காவின் குதிரையை நான் பார்த்துக்கொள்ளும் லட்சணத்தைப் பக்கத்து வீட்டு ஆல்டன் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான் என்றும், ஜூனிபரின் இரண்டு தோளிலும் உள்ளங்கை அகலத்துக்கு முடி போய்த் தோல் தெரிகிறது என்றும், இன்று டிரெய்லர் அனுப்பி அவளை உன் மகள் வீட்டுக்குக் கொண்டுபோவதாகவும் எழுதியிருக்கிறாய். மறுக்கவில்லை. தாராளமாகக் கொண்டுபோ. ஆனால் நடந்தது என்ன என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோ.

நாற்பத்தொரு வருஷம் பால் டேங்கர் ஓட்டியவன் நான். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. குளிர்காலத்தில் போகும்போது பார்த்தாலும் குதிரை மேல் போர்வை, வரும்போது பார்த்தாலும் போர்வை. நவம்பரில் போட்டு வார் கட்டினால் ஏப்ரலில்தான் அவிழ்ப்பது என்று நினைத்துக்கொண்டேன். போன ஆகஸ்டில் உன் அக்கா வெர்னா நம்மை விட்டுப் போனாள், நவம்பரில் நான் போர்வையைப் போட்டேன், கட்டினேன், கடமை முடிந்தது என்று அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஜனவரியில் பல் பார்க்க வந்த கால்நடை டாக்டர் பிரிசில்லா போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா எப்ப கழட்டினீங்க?"

"போட்டதே நவம்பர்லதான்."

"அடப்பாவி மனுஷா! உங்க பனியனை நவம்பர்ல போட்டு இன்னும் கழட்டாம இருப்பீங்களா?"

வெர்னா போன பிறகு என் பனியன் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். டாக்டர்தான் விளக்கினாள். ஜூனிபருக்கு வயசாகி உடம்பு வற்றிவிட்டது, பழைய போர்வை தொளதொளவென்று பின்னால் சரிகிறது, ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தோளை இழுத்து உரசுகிறது, உள்ளே சேர்ந்த அழுக்கும் வியர்வையும் மிச்ச வேலையைச் செய்துவிட்டன. "புண்ணை வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கழுவி, நல்லா காய விட்டு, களிம்பு போடுங்க. ஆறுற வரைக்கும் வெயில் நாள்ல போர்வையே வேண்டாம். வெர்னா தினமும் காலையில கழட்டி, பிரஷ் போட்டு, தோள்ல கை விட்டுப் பாத்துட்டுத்தானே திருப்பிப் போடுவாங்க? உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது, தெல்மா. ஒரே வீட்டில் நாற்பத்தொரு வருஷம் இருந்தவனுக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மாட்டு மடிக்குப் பூசும் களிம்பைப் பூசி அவசரத்தில் மேலேயே போர்வையைப் போட்டேன், மறுநாள் தோளில் பாதி வைக்கோல்போர் ஒட்டியிருந்தது. தோளை மூடும், இழுத்தால் நீளும் துணியில் தைத்த குதிரைச் சட்டை வாங்கினேன். அதைத் தலை வழியாக மாட்டும்போது என் கை இரண்டும் உள்ளே சிக்கிக்கொள்ள, ஜூனிபர் பின்னோக்கி நடக்க, நான் முன்னோக்கி இழுபட, முற்றத்தை மூன்று சுற்று வந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆல்டன் நின்று, "எல்வின், யாரு யாருக்குச் சட்டை போட்டு விடுறீங்க?" என்று கேட்டான். உனக்கு வந்த போட்டோ அப்போது எடுத்ததுதான்.

கடைசியில் டாக்டர், போர்வையில் தோள் படும் இடத்தில் உள்பக்கமாக வழுவழுப்பான துணி வைத்துத் தைக்கச் சொன்னாள். பீரோவில் தேடினேன். நீ அக்காவுக்கு அனுப்பிய ரோஸ் நிற சாட்டின் கவுன் விலைச்சீட்டு கூடக் கிழிக்காமல் இருந்தது. மன்னித்துக்கொள், அதை இந்த மலைக்குளிரில் போட்டுத் தூங்கினால் காலையில் விறைத்த உடம்பைத்தான் எடுக்க வேண்டும். வெட்டினேன், இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தேன், போட்ட பிறகுதான் தெரிந்தது, சாட்டின் வெளிப்பக்கம் இருக்கிறது. சரி, பிரித்துத் தைக்கலாம் என்று கத்தரிக்கோல் எடுக்கப் போன நேரத்தில் ஜூனிபர் கதவைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று செவ்வாய்க்கிழமை, வருஷாந்தர ஊர்க்கூட்டம். மண் ரோட்டுக்குச் சரளை கொட்டுவதா வேண்டாமா என்று ஊரே கை தூக்கிக்கொண்டிருக்க, கழுத்தில் கவுனின் லேஸோடு குதிரை ஒன்று மண்டப ஜன்னல் வழியே தலையை நீட்டியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தம்மா பேரு வாக்காளர் பட்டியல்ல இருக்கா?" என்றார். சரளை விஷயம் இன்னும் முடிவாகவில்லை.

இப்போது சாட்டின் உள்ளே போய்விட்டது. தினமும் காலையில் போர்வையைக் கழற்றுகிறேன், பிரஷ் போடுகிறேன், தோளில் கை வைத்துப் பார்க்கிறேன். போர்வையைத் தூக்கியதும் உள்ளிருந்து சூடாக ஒரு வாசனை வரும். அது வெர்னாவின் வாசனை, தெல்மா. இத்தனை வருஷம் நான் அதை அவள் போடும் சோப்பு என்று நினைத்திருந்தேன். சில நாள் அதற்காகவே இரண்டு தரம் கழற்றுகிறேன். அவள் இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

இருந்தாலும் நீ சொல்வதுதான் நியாயம். எழுபத்துநாலு வயதில் எனக்கு எதற்குக் குதிரை? உன் மகளிடம் சொல், தோளுக்கும் போர்வைக்கும் நடுவே கை தாராளமாகப் போய்வர வேண்டும், உள்பக்கம் ஈரமாக இருந்தால் போடவே கூடாது. மனப்பூர்வமாகத்தான் ஒப்படைக்கிறேன். உன் பேரப்பிள்ளைகள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

அன்புடன் அத்தான்,
எல்வின் பீஸ்லி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது டிரெய்லர் வந்துவிட்டது. ஓட்டி வந்த பெண் தங்கமானவள். காபி கொடுத்தேன், குடித்துவிட்டு, "குதிரையை ஏத்திடலாமா?" என்றாள். "வீட்டுக்காரி வெளிய போயிருக்கா. அவ குதிரைம்மா, அவளைக் கேக்காம நான் எப்படிக் குடுக்கிறது?" என்று சொல்லி வெறும் டிரெய்லரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். போகும்போது, "அவங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். சொல்லிவிட்டுப் போகவில்லை என்றேன்.