முப்பத்தொரு கடிதமும் ஒரு சிவலைப் பசுவும்

இணுவில்,
9.3.1989

என் அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

கந்தசுவாமியார் கிருபையால் நானும் பிள்ளையும், மாமாவும் மாமியும், சிவலைப் பசுவும் சுகம். ரொறன்ரோவில் தாங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பசுவை ஏன் சேர்த்தேன் என்பது போகப் போக விளங்கும். எப்போதோ எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. இரண்டரை வருடம் பிந்தி எழுதுகிறேன்.

தாங்கள் என்னை ஸ்பொன்சர் செய்ததற்குக் கொழும்பிலிருந்து நேர்முகக் கடிதம் வந்துவிட்டது. யூலை பதினெட்டாம் திகதி பிள்ளையோடு போக வேண்டும். நாங்கள் உண்மையான புருசன் பெண்சாதிதான் என்று காட்ட, கலியாணப் படமும், எங்கள் இருவருக்கும் இடையில் போய்வந்த கடிதங்களும் கொண்டுவரட்டாம். படம் இருக்கிறது. கடிதத்துக்கு எங்கே போக? கலியாணமாகி நாலாம் மாதம் போனீர்கள். இதுவரை வந்த முப்பத்தொரு கடிதமும் மாமாவின் பெயருக்கு. தபால்காரர் படலையில் மணியடித்தால் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பார். மாமி பாக்குவெட்டியோடு வருவா. பக்கத்து வீட்டுச் சின்னாச்சியக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைவா. நான் குசினிக் கதவுக்குப் பின்னால். மாமா உறையைப் பிரித்து, உள்ளே ஒருதரம் பார்த்து, இருமிவிட்டு, உரத்து வாசிப்பார். நேற்று எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பசுவுக்கு நாலு வரி. கன்று போட்டதா, பால் எவ்வளவு, மடிவீக்கம் வற்றியதா. எனக்குக் கடைசி வரி: "கமலாவதியும் பிள்ளையும் சுகமென நம்புகிறேன்." இதுகளைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த அதிகாரி பசுவுக்குத்தான் விசா குத்துவார்.

சின்னாச்சியக்காவிடம் சொல்லி அழுதேன்.

"உன்ரை மனுசன் பாவம், பிள்ளை. சபையிலை வாசிக்கிற கடிதத்திலை வேறை என்னத்தை எழுதிறது?"

"நீங்கள் வந்து இருக்கிறபடியால்தானே சபை, அக்கா."

"நான் வராட்டி உன்ரை மாமா ஆருக்கு வாசிக்கிறது?"

போதாததற்கு, பிள்ளையிடம் "அப்பா எங்கை?" என்று கேட்டால் தபால்காரரின் சைக்கிளைக் காட்டுகிறாள். கொழும்பிலும் ஒரு சைக்கிளைக் கண்டு "அப்பா" எண்டால் நான் என்ன செய்யிறது?

ஆகவே அத்தான், பழைய திகதி போட்டுப் பொய்க்கடிதம் வேண்டாம், எனக்குப் பயம். இனியாவது எனக்கென்று கிழமைக்கு ஒன்றாகப் பத்துக் கடிதம் எழுதுங்கோ. இந்த விலாசத்துக்கு வேண்டாம், என்னோடு படித்த மகாதேவி ரீச்சரின் விலாசத்துக்கு. என்ன எழுதுவதென்று தெரியாவிட்டால், "நீர் இல்லாமல் சாப்பாடு இறங்குதில்லை" என்று ஒன்றில் எழுதுங்கோ. "உம்முடைய மூக்குத்தி கண்ணுக்குள்ளை நிக்குது" என்று இன்னொன்றில். பட்டதாரிப் பெண்சாதி தன்னைத் தானே புகழ்ந்து மாதிரிக் கடிதம் எழுதும் நிலை வேறு ஒருத்திக்கும் வர வேண்டாம். ஆனால் அதிகாரிக்காக மட்டும் கேட்கவில்லை. நான் அங்கே வரவேணும் எண்டு உங்களுக்கு உண்மையிலை ஆசையோ, அல்லது பிள்ளைக்காகவோ எண்டு எனக்கும் அத்தாட்சி வேணும்.

மாமா மாமியின் ஆசீர்வாதமும், பிள்ளையின் முத்தமும், பசுவின் சுகவிசாரிப்பும் இத்துடன் வருகின்றன.

தங்கள் உண்மையுள்ள, அதற்கு அத்தாட்சியில்லாத மனைவி,
கமலாவதி

பி.கு.: முத்திரை கேட்க மாமாவிடம் போனேன். "ஆருக்கு, பிள்ளை?" என்றார். "அவருக்குத்தான் மாமா. எனக்கெண்டும் ஒரு கடிதம் போடச் சொல்லி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு பழைய பஞ்சாங்கங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கற் பெட்டியை எடுத்து, என் முகத்தைப் பாராமல் நீட்டினார்.

"ஒவ்வொரு கடிதத்துக்குள்ளையும் அவன் உனக்கெண்டு ஒரு ஒற்றைத் தாள் மடிச்சு வைச்சிருந்தவன். முதலாவதிலை ரண்டு வரி பாத்திட்டு மூடிப்போட்டன். உரத்து வாசிக்க ஏலாது. மாமன்காரன் கையாலை எப்பிடித் தாறது? மாமியிட்டைக் குடுத்தால் சின்னாச்சிக்குக் காட்டிப்போடுவாள்."

அந்த இருமலின் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. முப்பத்தொரு ஒற்றையும் வாசித்துவிட்டேன். மேலே எழுதியதெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கோ. ஆனால் அந்தப் பத்துக் கடிதமும் கட்டாயம் வேணும். பெட்டியில் உள்ளதில் ஒன்றைக்கூட அந்நிய ஆம்பிளைக்குக் காட்ட ஏலாது. மூக்குத்தியோடு நிப்பாட்டி எழுதுங்கோ, இடைக்கிடை பசுவையும் விசாரியுங்கோ.

"நீர் ஒருக்காலும் மறுமொழி போடேல்லை. இஞ்சை வர உமக்கு உண்மையாய் விருப்பமோ?" என்று கடைசி ஒற்றையில் கேட்டிருக்கிறீர்கள்.

ஓம். வாறன்.